குறட்டை விட்ட கட்டில்

ஏசுராஜைக் கடல் கொண்டுபோன பிறகு, அவன் கட்டிலில் குடியிருந்த மூட்டைப்பூச்சிகள் மதிய வேளைகளில் அவனைப் போலவே குறட்டை விட்டன. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து ஹவுசிங் போர்டில் அப்போது இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு மேல், தெருநாய்கள் மாடிப்படி நிழலுக்கு வந்து படுக்கிற நேரத்தில், முதலில் இரண்டு இழுப்பு, பிறகு ஒரு சீட்டி, அதன் பின் ஒரு பெரிய நிறுத்தம். ஏசுராஜ் உயிரோடு இருந்த காலத்திலேயே அந்த நிறுத்தம் பெயர் போனது. ஆள் போய்விட்டான் என்றே அவன் பெண்டாட்டி ஜெனிதா ஒவ்வொரு முறையும் நினைப்பாள், நினைத்துத் தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். அவன் ஒரு செருமலோடு மறுபடி ஆரம்பிப்பான். அவளும் மூச்சை விட்டு, ஆய்ந்துகொண்டிருந்த மீனை மறுபடி கையில் எடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய மதியங்கள் இப்படித்தான் போயின.

கட்டில் நல்ல தேக்கு. தி.நகரில் ஏதோ பழைய லாட்ஜை இடித்தபோது அங்கிருந்த சாமான்கள் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கடைக்கு வந்தன. ஏசுராஜ் அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, தானும் அதன் மேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து ஊர்வலமாக வந்தான். கட்டில் காசுக்கு வந்தது, பூச்சி இனாமாக வந்தது. வந்த புதிதில் அந்தக் கட்டில் இருமியது. லாட்ஜில் தங்கிப் போனவர்களின் ரத்தம் பூச்சிகளின் வயிற்றில் இன்னும் மிச்சமிருந்ததால், ஒரு நாள் யாரோ வயதான வியாபாரியின் இருமல் கேட்டது, இன்னொரு நாள் யாரோ ஒருவர் தூக்கத்தில் தெலுங்கில் புலம்பினார். மரம் காய்கிற சத்தம் என்றான் ஏசுராஜ். "மரம் தெலுங்குலயா காயும்?" என்று கேட்டாள் ஜெனிதா. அவன் அதன் மேலேயே ஏறிப் படுத்துவிட்டான். அவன் படுக்கப் படுக்க, பழைய ரத்தம் தீர்ந்து புது ரத்தம் ஏறி, இருமலும் புலம்பலும் அடங்கின. அதற்கப்புறம் கட்டிலில் கேட்டதெல்லாம் ஏசுராஜின் குறட்டைதான். கட்டில் மேல் ஒருவன் குறட்டை விடும்போது கட்டிலும் கூடவே விடுகிறதா என்று யார் காது வைத்துப் பார்ப்பார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை.

மூட்டைப்பூச்சியின் பிழைப்பில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தாய்ப்பூச்சி மரப் பொருத்துகளிலும் மெத்தைத் தையலிலும் நொய்யை விடச் சின்னதாக வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும். வாரம் பத்து நாளில் குஞ்சு வெளியே வரும். அதற்கு நிறமே கிடையாது, குடித்தால்தான் சிவப்பு. ஒரு வயிறு குடித்தால் ஒரு சட்டை உரிக்கும். இப்படி ஐந்து சட்டை உரித்தால் அது பெரிய மனுஷி, முட்டை வைக்கத் தகுதியானவள். குடிக்கக் கிடைக்காவிட்டால் பதறாது. விரிசலுக்குள் போய் மாதக் கணக்கில் காத்திருக்கும், அந்தப் பொறுமையில் பாதி மனுஷனுக்கு இருந்தால் பாதிக் கோர்ட்டை மூடிவிடலாம். மற்ற வீட்டு மூட்டைப்பூச்சிகள் ராத்திரியில் கடிக்கும். ஏசுராஜ் விடியுமுன் கடலுக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவன் என்பதால், இவை தங்கள் பொழுதையே மாற்றிக்கொண்டு மதியத்தில் பசித்தன. கீழே தரையில் பாய் போட்டுப் படுக்கிற ஜெனிதாவை அவை சீந்தவே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

ஜெனிதா சும்மா இருக்கவில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். கோழி இறகில் மண்ணெண்ணெயைத் தொட்டுப் பொருத்துகளில் தடவினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மெத்தையை மொட்டைமாடியில் போட்டுத் துவைத்தெடுத்தாள். போதாக்குறைக்கு, சீனிவாசபுரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதம் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாத நாட்களில், ஆம்பிளைகள் வீட்டுக் கட்டில்களைத் தலைமேல் சுமந்து கரைக்குக் கொண்டுபோய், இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று முக்கு முக்கி, சுடுமணலில் போட்டுக் காயவைப்பார்கள். உப்புத் தண்ணீர் போகாத இண்டு இல்லை, அதற்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். பூச்சிகள் கூண்டோடு போகும். ஏதோ ஒரு ஆணித் துளையில் நாலு முட்டை மட்டும் தப்பும், ஐப்பசிக்குள் கட்டில் பழையபடி நிறைந்துவிடும். மருந்தடிக்க ஆள் கூப்பிடுவோம் என்று அவள் சொல்கிறபோதெல்லாம் ஏசுராஜ் சிரிப்பான். "நான் மீனைத் துன்றேன், பூச்சி என்னைத் துன்னுது. அதுவும் பொழச்சிப் போவட்டும்மே. மூட்டப்பூச்சிக்கி பயந்து ஊட்டயா கொளுத்த முடியும்?" என்பான். அவள் திட்டிக்கொண்டே அவன் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

கார்த்திகை மாதம், அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவன் படகு கவிழ்ந்தது. அந்த இடத்து அலை பொல்லாதது. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வரும். இரண்டு அலைக்கு நடுவில் இடைவெளி பார்த்துத்தான் படகை உள்ளே தள்ளவும் முடியும், வெளியே கொண்டுவரவும் முடியும். அந்த இடைவெளியைக் கணிக்கத் தெரியாதவன் அங்கே மீனவனே இல்லை. ஏசுராஜுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கடல் இடைவெளியே விடவில்லை. கூடப் போன அஜித்குமார் நீந்திக் கரையேறினான், ஏசுராஜ் ஏறவில்லை. ஜெனிதா இடுப்பில் மீன் சுமக்கிற அலுமினிய அன்னக்கூடையோடு கரையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தது. கோவளத்திலிருந்து காசிமேடு வரைக்கும் படகுகள் தேடின. உடல் ஒதுங்கவில்லை. உடல் ஒதுங்காதவனுக்கு அழுவதா கூடாதா என்று கரையில் எப்போதும் ஒரு குழப்பம் உண்டு. அழாமல் இருந்தால் கல்நெஞ்சுக்காரி, அழுதால் அவசரக்காரி. ஜெனிதா அழாமல் இருந்தாள், வயிறு கேட்காது என்பதால் சில வாரத்தில் மந்தைவெளி மார்க்கெட்டில் மறுபடி மீன் விற்க உட்கார்ந்தாள்.

மார்கழி பிறந்திருந்தது. ஒரு மதியம் அவள் மார்க்கெட்டிலிருந்து வந்து, வாசல் குழாயில் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து இரண்டு இழுப்பும் ஒரு சீட்டியும் கேட்டன. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கட்டில் காலியாக இருந்தது, குறட்டை அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மண்டியிட்டு, தலைமாட்டுப் பொருத்தில் காதை வைத்தாள். உள்ளே, ஏசுராஜின் கடைசி மதியத்து ரத்தத்தைக் குடித்துப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்த பூச்சிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு, அவன் மூச்சை விட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் விட்டது அணுவளவுதான். எல்லாம் சேர்ந்தால் முழு ஆள். சீட்டி முடிந்து நிறுத்தம் வந்தது. ஜெனிதா மூச்சைப் பிடித்தாள். செருமலோடு அது மறுபடி ஆரம்பித்தபோதுதான், அவ்வளவு நாளும் வராத அழுகை அவளுக்கு வந்தது. கட்டில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, பூச்சி விழித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் சத்தமில்லாமல் அழுதாள்.

சாயங்காலத்துக்குள் சேதி பரவிவிட்டது. மறுநாள் மதியம் படிக்கட்டு நிறையச் சனம். கேட்டவர்கள் அவன்தான் என்றார்கள், சந்தேகப்பட்டவர்கள் அந்த நிறுத்தத்தைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். மாமியார் அங்காளம்மாள் வெற்றிலையும் கையுமாக வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். அவள் இந்து. வேதக்காரனைக் கட்டிக்கொண்டு இருபக்கச் சாமியையும் சரிசமமாகத் தொந்தரவு செய்து வாழ்ந்தவள். அன்று தொடங்கித் தினமும் வந்து, வலை விலை, மீன் வரத்து, எந்த வீட்டில் யாருக்குச் சண்டை என்று மகனுக்கு ஊர்ச் சேதி சொல்வாள். அதன் பிறகு பங்குத்தந்தை ஆம்ப்ரோஸ் வந்தார். காணாமற்போனவனுக்கு இறந்தவர் பூசை வைப்பதைப் பற்றிப் பேசத்தான் வந்தார். அங்கியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு முழு மதியமும் கேட்டார். நிறுத்தம் வந்தபோதெல்லாம் அவர் கை தன்னையறியாமல் சிலுவை போட்டது. "மூச்சுச் சத்தம் கேட்கிற வரைக்கும் இறந்தவர் பூசை வைக்க முடியாதும்மா, திருச்சபையில் அப்படி வழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அஜித்குமார் மட்டும் வரவில்லை. கீழே வலை பின்னிக்கொண்டிருப்பான், குறட்டை தொடங்கியதும் ஊசியை வைத்துவிட்டு வேறு பக்கம் நடப்பான். கரையேறியவனுக்குக் கரையேறாதவனின் மூச்சைக் கேட்கிற தைரியம் எங்கிருந்து வரும்?

அந்தச் சில மாதங்கள் ஜெனிதா சந்தோஷமாக இருந்தாள் என்றால் பொய்யில்லை. மதியத்துக்குள் மீனை விற்றுத் தீர்க்க வேண்டும் என்பதற்காக விலையைக் குறைத்துக் கொடுத்தாள், மந்தைவெளியில் அவளுக்கு வாடிக்கை பெருகியது. வீட்டுக்கு ஓடிவந்து, பாயை விரித்து, கட்டிலுக்குக் கீழே படுத்து, மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவாள். ஆனால் பசி என்று ஒன்று இருக்கிறது. கட்டிலில் படுக்க ஆளில்லாமல் சில பூச்சிகள் சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமியின் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே கிடைத்ததைக் குடித்தன. அதன் பிறகு ஜோதிலட்சுமியின் கட்டில் பாதி ஏசுராஜாகவும் பாதி ஜோதிலட்சுமியாகவும் குறட்டை விட்டது. அவள் மானமுள்ள பெண், நல்லவளும்கூட. ஜெனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காத ஜெனி. ஊட்டுக்காரர் பக்கத்துல படுத்துக்கினு கீறாரு, எந்தலமாட்ல வேற ஆம்பள மூச்சு வருது. நான் இன்னா பண்றது சொல்லு" என்றாள். ஆகவே கட்டிடத்தார் எல்லோரும் சேர்ந்து, மயிலாப்பூரிலிருந்து மருந்தடிக்கிற நதீமை வரவழைத்தார்கள்.

நதீம் பேச்சுக்காரர். முதுகில் மருந்துக் குடுவையோடு ஜோதிலட்சுமி வீட்டுச் சுவரையும் கட்டிலையும் நனைத்துக்கொண்டே, இந்த மருந்து முட்டைக்குள் போகாது, அது பொரிந்து குஞ்சு வெளியே வரும் நேரம் பார்த்து இன்னொரு தடவை அடித்தால்தான் வேலை முடியும், ஒரே தடவையில் தீரும் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள் என்று விளக்கினார். ஜெனிதா தன் வாசற்படியில் மறித்து நின்றாள். வயிறு அப்போது நன்றாகத் தெரிந்தது. உள்ளே குறட்டை நடந்துகொண்டிருந்தது. நதீம் குடுவையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "எத்தினியோ ஊடு பாத்துட்டேன், இத்த மாதிரி பாக்கலைம்மா" என்றார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒன்றும் குடிக்காவிட்டால் அவை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? நதீம் தாடியைச் சொறிந்தார். குளிர்தேசம் என்றால் வருஷம்கூடத் தாங்கும், நம் ஊர் வெயிலுக்குச் சில மாதம் இழுக்கும், அவ்வளவுதான் என்றார். அவள் வீட்டுக்குள் மருந்தடிக்கவில்லை. விரிசலை மட்டும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார். மகனிடமே பேசிக்கொண்டிருந்த அங்காளம்மாள் அன்று முதல்முறையாக மருமகளிடம் வாயைத் திறந்து, ஆடி வந்தால் கட்டிலைக் கடலில் முக்கித்தானே ஆக வேண்டும் என்றாள். "கடலு ஒரு தபா எட்த்துக்கினது பத்தாதா அத்தே? இத்தயும் குட்க்க சொல்றியா?" என்றாள் ஜெனிதா. கிழவி அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெயில் ஏற ஏறக் குறட்டை மெலிந்தது. ரத்தம் குடித்த பழைய பூச்சிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. காலையில் பெருக்கும்போது தேய்ந்துபோன உளுந்துத் தொலி மாதிரி நாலைந்து கிடக்கும். ஜெனிதா அவற்றைத் துடைப்பத்தால் தொடாமல் கையால் பொறுக்கி, மாதா படத்துக்கு முன்னால் ஒரு டப்பியில் போட்டுவைத்தாள். பொரிந்த குஞ்சுகள் நிறைய இருந்தன, ஆனால் ஏசுராஜைக் குடித்தறியாத அவற்றுக்குக் குரல் இல்லை. வெள்ளையாக, ஊமையாக, பொருத்துக்குள் காத்திருந்தன. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவளே கட்டிலில் ஏறிப் படுத்தாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், பூச்சிக்கும் அப்படித்தான், இம்முறை அவளைச் சீந்தாமல் விடவில்லை. மறுநாள் குறட்டையின் நடுவில் அவளுடைய தும்மல் கேட்டது. அவள் வயிறு சிவந்த பூச்சிகளைத் தேடித் தேடி நசுக்கினாள். சுவரெல்லாம் அவள் ரத்தமே கோடு கோடாக நின்றது. இனி யாரையும் அந்தக் கட்டிலில் உட்காரவும் விடக்கூடாது என்று வைராக்கியம் வைத்தாள். வைகாசியில் டயானா பிறந்தாள். அப்பனை உரித்துவைத்த முகம், அதே மூக்கு. ஆடியில் மற்ற வீட்டுக் கட்டில்களெல்லாம் கடலுக்குப் போய் வந்தன, இவள் கட்டில் அசையவில்லை. ஆவணியில் குறட்டை நூலாகிவிட்டது. தெருவில் ஆட்டோ போனால் கேட்காது.

அவளுக்கு வந்த எண்ணத்தை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. எந்தத் தாயும் சொல்லமாட்டாள். ஆனால் அந்த எண்ணம் வந்த நாளிலிருந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அவள் அதன் கையில் ஓடுகிற பச்சை நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுராஜின் ரத்தம் உலகத்தில் இன்னும் ஓடுகிற இடம் அது ஒன்றுதான். ஒரு மதியம், அங்காளம்மாள் இல்லாத நேரம் பார்த்துக் கதவைத் தாழிட்டாள். மெத்தையை உருவிவிட்டு, வெறும் பலகையில் பிள்ளையைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தலைமாட்டிலிருந்தும் கால்மாட்டிலிருந்தும், காகிதம் போல் மெலிந்த பூச்சிகள், பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்களைப் போல வரிசையாக, அவசரமில்லாமல், அடக்கமாக வந்தன. முதலாவது பூச்சி பிள்ளையின் முழங்கை மடிப்பில் வாய் வைத்தது. குறட்டை எழுந்தது. நூலாய் மெலிந்திருந்த குறட்டை இல்லை அது, முழு ஏசுராஜ். முதல் இழுப்பில் ஆணியில் மாட்டியிருந்த அன்னக்கூடை அதிர்ந்தது, இரண்டாவதில் மாதா படம் ஆடியது. அறையெல்லாம் ஈர வலையும் தேங்காய் எண்ணெயும் கலந்த அவன் வாசனை. படிக்கட்டில் யாரோ, "ஏசு வந்துட்டான்டா" என்று கத்தினார்கள். ஜெனிதா மெய்சிலிர்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சீட்டி வந்தது. பிறகு அந்த நிறுத்தம் வந்தது.

நிறுத்தத்தில்தான் அவளுக்குப் பிள்ளையின் அழுகை கேட்டது. அது முதலிலிருந்தே வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அப்பனின் குறட்டை அதை மூடியிருந்தது. கண்ணைத் திறந்தாள். பிள்ளையின் கையில் சிவப்புத் தடிப்பு. அதன் நெஞ்சின் மேல், அது புரளாமல் பலகையோடு அழுத்திப் பிடித்திருந்த கை யாருடையது என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. அது அவளுடைய கைதான். வாரி எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஊதி ஊதிப் பூச்சிகளை உதறினாள். கட்டிலைப் பார்த்து, தூங்குகிறவனை எழுப்புகிற குரலில், "போதும்யா. புள்ளய உட்டுடு" என்றாள். நிறுத்தம் நீண்டது. ஏறி வந்துகொண்டிருந்த மற்ற பூச்சிகள் நின்றன, திரும்பின, வந்த வரிசை குலையாமல் பொருத்துகளுக்குள் இறங்கின. அவன் கேட்டுக்கொண்டான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது அவனுடைய வழக்கமான நிறுத்தம்தான், கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் என்கிறவர்களும் உண்டு. ஜெனிதாவிடம் கேட்டால், எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாளும் பிள்ளை வாயில் அடித்துச் சாப்பிட்டவர் இல்லை என்பாள்.

கதவைத் திறந்து படிக்கட்டு விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள். அஜித்குமார் ஊசியை வைத்துவிட்டு எழுந்து நடக்கப் போனான். "அஜித்து, எங்க போற? மேல வா, கட்ல தூக்கணும்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே ஏறி வந்தான். பிள்ளையை ஜோதிலட்சுமி வாங்கிக்கொள்ள, அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலை இறக்கினார்கள். பிள்ளையிடம் குடித்தது ஒரு வாய்தான், ஆனால் வழியெல்லாம் அது குறட்டை விட்டுக்கொண்டே வந்தது. இரண்டாம் திருப்பத்தில் கட்டில் சுவரில் இடித்தபோது, அஜித்குமார், "மெதுவா அண்ணி, எழுந்துடப் போறான்" என்றான். சொன்னவன் அங்கேயே நின்று தேம்பி அழுதான், அத்தனை மாதத்து அழுகையையும் ஒரே படியில் அழுதான். அவள் பாரத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தாள். தெருவில் இன்னும் பலர் வந்து கைகொடுத்தார்கள். மீன்பாடி வண்டிகள் ஓரம் கட்டின. அங்காளம்மாள் எங்கிருந்தோ மஞ்சளும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஃபாதர் ஆம்ப்ரோஸ் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் வேகமாக நடந்து வந்தார். அவர் ஜெனிதாவின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் புத்தகமில்லாமலே செபம் சொல்லத் தொடங்கினார்.

படகு கவிழ்ந்த இடத்துக்கு நேரே, இடுப்பளவுத் தண்ணீரில் கட்டிலை இறக்கினார்கள். ஆடி மாதத்து வழக்கப்படி மூன்று முக்கு. முதல் முக்கில் பூச்சிகள் நுரையின் மேல் மிளகாய் விதை போல மிதந்தன. இரண்டாம் முக்கில் குறட்டை கட்டிலை விட்டுத் தண்ணீருக்குள் போனதை, அங்கே காலை வைத்து நின்றவர்கள் அத்தனை பேரும் கெண்டைக்காலில் உணர்ந்தார்கள். இரண்டு இழுப்பு கடலுக்குள் கேட்டது. மூன்றாம் முக்கில், அலை முகட்டில் ஒரு சீட்டி எழுந்தது. பிறகு கடல் நின்றது. அடுத்த அலை வரவில்லை. முகத்துவாரத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த மாதிரிப் படிந்து கிடந்தது. திரு.வி.க. பாலத்தில் போகிற பஸ்ஸின் ஹாரன் தெளிவாகக் கேட்டது. காக்கைகள்கூட மணலில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜெனிதா மூச்சைப் பிடித்தாள். அன்று முதல்முறையாக அவளோடு சேர்ந்து கரையே மூச்சைப் பிடித்தது, ஃபாதர் பாதி வார்த்தையில் நிறுத்தியிருந்தார். அப்புறம் எங்கோ ஆழத்தில் ஒரு செருமல். அலை வந்து எல்லோருடைய இடுப்பையும் நனைத்தது. அங்காளம்மாள் சாமந்தியை விட்டெறிந்தாள்.

அடுத்த ஞாயிறு இறந்தவர் பூசை நடந்தது, ஊரே வந்தது. கட்டிலை நன்றாகக் காயவைத்து மேலே கொண்டுவந்து போட்டார்கள். தப்பிய முட்டைக்காக நதீம் வந்து ஒரு தடவையும், பொரிந்த குஞ்சுக்காக மறு தடவையும் மருந்தடித்தார், இரண்டாம் தடவைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். டப்பியில் இருந்ததை ஜெனிதா கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்து மல்லிகைச் செடிக்கு அடியில் புதைத்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். கட்டிலில் டயானா படுக்கிறாள். அது இப்போது சத்தம் போடுவதில்லை, மரம் காய்கிற சத்தம்கூட இல்லை.

குறட்டை கடலில் இருக்கிறது. தினமும் மதியம், சாப்பாட்டுக்கு மேல், சீனிவாசபுரத்துக் கரையில் இரண்டு பெரிய அலை இழுத்து வரும், காற்றில் ஒரு சீட்டி, பிறகு கடல் நிற்கும். ஒரு படகை நிதானமாக உள்ளே தள்ளி, இன்னொரு படகை நிதானமாக வெளியே கொண்டுவருவதற்கு அந்த நிறுத்தம் தாராளமாகப் போதும். கருவிகளோடு ஒரு கூட்டம் வந்து அளந்து பார்த்து, ஆமாம், நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. கரையில் இருப்பவர்கள் தொழில் நேரத்தையே மதியத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மந்தைவெளியில் சாயங்காலம் துடிக்கத் துடிக்க மீன் கிடைப்பது இதனால்தான். அஜித்குமார் கரையில் நின்று சீட்டிக்குக் காது கொடுப்பான். "ஏசு மூச்ச புட்ச்சிட்டான், தள்ளு" என்பான், படகுகள் இறங்கும். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஒரு படகும் கவிழவில்லை. திருவான்மியூர்க்காரர்கள்கூட வாடைக் காலத்தில் தங்கள் படகுகளை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

போன வாரம், குடிவந்து சில நாளே ஆன ஒரு வீட்டுப் பெண் ஸ்நேஹா, கடல் இப்படித் திடீரென்று நிற்பதைப் பார்த்துப் பயந்து, பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த டயானாவிடம் இன்னாச்சு என்று கேட்டாள். டயானா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "எங்க நைனா. தூங்கிகினு கீது" என்றாள். ஜெனிதா அவர்களுக்குப் பின்னால், இடுப்பில் அன்னக்கூடையோடு, மூச்சைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பழகவே இல்லை, பழகப்போவதும் இல்லை. அலை வந்தது. அவள் மூச்சை விட்டு, படகை நோக்கி நடந்தாள். அன்றைக்குச் சங்கரா நிறைய, வஞ்சிரம் வரத்துக் குறைவு, நெத்திலி மலிவு.